கணக்குப் புத்தகம் ஆளைப் பார்ப்பதில்லை

(சென்னை, மயிலாப்பூரில் கணித ஆசிரியர்களுக்காக நடைபெற்ற பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று நாள்களாகக் கற்றல் விளைவுகள், செயல்பாடுகள், மதிப்பீடு என்று நிறையப் பேசிவிட்டோம். நிறைவாகக் கால் மணி நேரம் என் வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். நான் சொல்லப்போகும் அனுபவம் வகுப்பறையில் தொடங்கி, கடற்கரை மணலுக்குப் போய், மறுபடி வகுப்பறைக்கே திரும்பி வந்தது. நடுவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் இருக்கிறது. இரண்டு கிராமங்களுக்கு இடையே நடந்த ஆட்டம்.

சென்னையில் ஏது கிராமம் என்று கேட்கலாம். மயிலாப்பூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்து பாருங்கள். நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம், அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என்று வரிசையாக வரும். நமக்கு அவை நகரத்தின் பகுதிகள். அங்கே வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொன்றும் தனி ஊர். ஊருக்கு ஒரு கோயில், ஊருக்கு ஒரு பஞ்சாயத்து, ஊருக்கு ஒரு கிரிக்கெட் அணி. அப்படிப்பட்ட இரண்டு ஊர்ப் பிள்ளைகள் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் ஊர்ப் பெயரையும் மாணவன் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஜனவரி மாதம். ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடம். கூட்டுச் சராசரி காண்பதற்கு அட்டவணை போட்டு, நிகழ்வெண்ணையும் மதிப்பையும் பெருக்கி, கடைசி நிரலைக் கரும்பலகையில் கூட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், கூட்டல் தப்பா வருது.”

திரும்பிப் பார்த்தேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கிய மாணவன். பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. “முதல்ல உன் பேப்பரைப் பாரு. பதினொன்னு வாங்கிட்டு எனக்குக் கூட்டல் சொல்லித் தர்றியா?” என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

சராசரி கண்டுபிடித்தபோது விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. கூட்டலில் பத்து விட்டுப்போயிருந்தது. அவன் சொன்னது சரி. நான் என்ன செய்தேன்? கரும்பலகையில் அந்த எண்ணைத் துடைத்துவிட்டுச் சரியான எண்ணை எழுதினேன். ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

பிப்ரவரி தொடங்கியபோது அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். அந்த ஒரு சொல்லால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் படகின் இயந்திரம் பழுது. விடியற்காலையில் வலையிலிருந்து மீன் பிரிக்க ஆள் வேண்டும். அம்மா மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தக் காரணங்களோடு ஒன்றை நானும் சேர்த்திருந்தேன்.

வகுப்பாசிரியர் என்ற முறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனைத் தேடி அவர்கள் ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. “எல்லாரும் மேட்சுக்குப் போயிருக்காங்க டீச்சர்” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. கடற்கரைக்குப் போனேன்.

மணலில் மூன்று மூங்கில் கழிகள். டென்னிஸ் பந்து. ஒரு பக்க எல்லை, ஏற்றி நிறுத்தியிருந்த ஃபைபர் படகுகளின் வரிசை. மறுபக்க எல்லை கடல். தண்ணீரில் நேராகப் போய் விழுந்தால் அவுட். அந்த விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பந்து தொலையக் கூடாது என்று அவர்களாகப் போட்டுக்கொண்டது. அணிக்கு ஒன்பது பேர், எட்டு ஓவர். பந்தயம், அரை டஜன் டென்னிஸ் பந்து. பந்து சிறிய விஷயம்தான். ஆனால் இரண்டு ஊருக்கும் பழைய மனக்கசப்பு உண்டு. இரு பக்கமும் பெரியவர்கள் வந்து நின்றிருந்தார்கள்.

என் மாணவன் ஆடவில்லை. கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். “உட்காருப்பா, ஆட்டம் முடியட்டும்” என்று சொல்லிப் பக்கத்தில் நின்றேன். நான்கு கோடு நோட்டு ஒன்றில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பக்கம், பந்து வீசுகிறவர்களுக்கு ஒரு பக்கம், ஓரத்தில் ஒன்று முதல் நூறு வரை எண்கள். ஒவ்வொரு ரன்னுக்கும் ஓர் எண்ணை அடித்துக்கொண்டே போவான். எதிரணிக்கு எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் ஸ்கோர் எழுதினாள். அவள் அண்ணன் அந்த அணியில் ஆடுகிறான்.

எதிரணி முதலில் ஆடி 64 ரன் எடுத்திருந்தது. இவர்கள் கடைசிப் பந்தில் ஒரு ரன் ஓடினார்கள். என் மாணவன் 65 என்ற எண்ணை அடித்தான். “ஜெயிச்சுட்டோம்!” என்று ஊரே கத்தியது. படகின் மேல் ஏறி ஒருவன் துண்டைச் சுழற்றினான்.

அந்தச் சத்தத்தில் அந்தப் பெண், “என் நோட்டுல அறுபத்து நாலுதான் வருது” என்றாள்.

யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு பையன், “உனக்கு இன்னா தெரியும், போ” என்றான். அவள் அணிக்காரர்களே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோற்ற கோபத்தில் இருந்தார்கள். அப்போது என் மாணவன், “இரு, உன் நோட்டைக் காட்டு” என்றான். இருவரும் ஐஸ் பெட்டியின் மேல் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

நான் வகுப்பில் அவனுக்குச் செய்யாததை அவன் அந்தப் பெண்ணுக்குச் செய்தான்.

அடுத்து நடந்தது நம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த சரிபார்ப்பு முறை. முதலில் ஆட்டக்காரர்களின் ரன்: 21, 14, 9, 6, 0, 4, 3. மொத்தம் 57. உதிரி ரன்கள், வைடு 5, பை 2. ஆக 64. அடுத்து பந்து வீசியவர்களின் கணக்கு, ஓவர் ஓவராக: 7, 9, 6, 11, 8, 5, 10, 6. மொத்தம் 62. வைடு பந்து வீசியவர் கணக்கில் ஏறும், பை ஏறாது. அந்த இரண்டைச் சேர்த்தால் மறுபடி 64. இரு வழியிலும் 64 வருகிறது. ஓரத்தில் அடித்துவந்த எண் மட்டும் 65.

“எங்கே போச்சு?” என்று அவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் இருவரும் போட்டிருந்த கூட்டுத்தொகையை ஒப்பிட்டார்கள். மூன்றாவது ஓவர் முடிவில் இருவரிடமும் 22. நான்காவது ஓவர் முடிவில் அவளிடம் 33, அவனிடம் 34. தவறு அந்த ஓவரில் இருக்கிறது. அவனுக்கு நினைவு வந்துவிட்டது. வைடு போனபோது ஒரு முறை அடித்தவன், அம்பயர் இரண்டு கையையும் விரித்துக் காட்டியபோது இன்னொரு முறை அடித்துவிட்டான்.

குவி நிகழ்வெண்ணை வைத்துப் பிழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது இதுதான், ஆசிரியர்களே. பதினொன்று மதிப்பெண் வாங்கிய மாணவன் என் கண்முன்னால் அதைச் செய்தான்.

இந்தச் சரிபார்ப்பு எனக்கும் பழக்கமானது. மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அப்பா வானொலியைக் கேட்டுக்கொண்டே பழைய பேரேட்டில் ஸ்கோர் எழுதுவார். அவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். 1986 செப்டம்பர் 22-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் போட்டியின் கடைசி நாள். எனக்கு எட்டு வயது. கடைசி ஓவரில் மனிந்தர் சிங் அவுட்டானதும், “யாருப்பா ஜெயிச்சது?” என்று கேட்டேன். அப்பா பேரேட்டை என்னிடம் தள்ளி, “நீயே கூட்டிப் பாரு” என்றார். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டினேன். இரண்டு பக்கமும் 744. டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றிலேயே அது இரண்டாவது சமன். முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில் நடந்தது. ‘சமம்’ என்ற குறியின் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. அதே ஆட்டத்தின் சிறு வடிவம் ஒன்று இப்போது மணலில் என் எதிரில் முடிந்திருந்தது.

ஆனால் 65 இல்லை, 64 என்று யார் சொல்வது?

அவனுக்கு வயது பதினான்கு. அவனுடைய ஊர் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. நோட்டை மூடிவிட்டு எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. ‘பெண் தப்பாக எழுதிவிட்டாள்’ என்று விஷயம் முடிந்துவிடும். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். நான் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் விவகாரத்தில் ஆசிரியர் தலையிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து தலைவனிடம் போனான். “அண்ணா, அறுபத்து நாலுதாண்ணா. ஒரு வைடை நான் ரெண்டா போட்டுட்டேன்.”

“டேய், உன்னை யார்ரா இப்போ கேட்டா? நீ நம்ம ஊர்க்காரன்தானே?”

“நோட்டுல அப்படித்தாண்ணா வருது.”

சற்று நேரம் சத்தம்தான். அவன் தோளைப் பிடித்து ஒருவன் தள்ளினான். அப்போதுதான் நான் நடுவில் போய் நின்றேன். படகின் நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே, “பையன் சொல்லிட்டான் இல்ல? ஆளுக்கு மூணு பந்து எடுத்துக்கினு போங்கடா” என்றார். பந்து பிரிந்தது. கூட்டமும் கலைந்தது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒருவர் நினைவுக்கு வருவார். 1975-இல் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 97 ரன் எடுத்த ஜி.ஆர். விஸ்வநாத்தை இந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. 1980-இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அவர் அணித்தலைவர். அம்பயர் அவுட் கொடுத்துவிட்ட பாப் டெய்லரை, ‘பந்து மட்டையில் படவில்லை’ என்று திரும்ப அழைத்து ஆடச் சொன்னார். டெய்லரும் இயான் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா தோற்றது. அவரைச் சுற்றி உலகமே பார்த்துக்கொண்டிருந்தது; என் மாணவனைப் பார்க்க நூறு பேர்கூட இல்லை. இழப்பு என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்.

ஸ்கோர் நோட்டுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று பிறகு நிறைய யோசித்தேன். அதற்கான விடை நாம் இப்போது கூடியிருக்கும் இதே மயிலாப்பூரில் இருக்கிறது.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் தொடங்கியது. 1865-இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. அது ஐரோப்பியர்களின் கிளப். அங்கே ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லை, மரத்தடிதான் என்று சென்னை கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு இதைப் பொறுக்காமல் 1888-இல் இந்தியர்களுக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து இளைஞர்களைப் பழக்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. 1908 டிசம்பரில் அந்த ஆட்டம் நடந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அதற்குச் சற்று முன்னால் காலமாகிவிட்டார். அந்த ஆட்டம் பின்னாளில் ‘பொங்கல் மேட்ச்’ என்று பெயர் பெற்று, 1950-களின் தொடக்கம் வரை சேப்பாக்கத்தில் நடந்தது. அவருடைய மகன்களும் ஆட்டக்காரர்கள். அவர்களில் சி. ராமசாமி, 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் 1936-இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. பெவிலியனில் சாப்பிடுகிறவர் யார், மரத்தடியில் சாப்பிடுகிறவர் யார் என்பதைக் கிளப் பார்த்தது. ஸ்கோர் புத்தகம் பார்க்கவில்லை. மரத்தடியில் சாப்பிட்டவர் அடித்தாலும் நான்கு, நான்குதான். ஒரே விதி, ஒரே கணக்கு என்ற அந்த ஒரே இடத்தில் புச்சி பாபு காலூன்றி நின்றார். கணக்குப் புத்தகம் ஆளைப் பார்க்கத் தொடங்கினால் அந்த இடமும் போய்விடும்.

நான் கரும்பலகை முன்னால் என்ன செய்தேன்? கூட்டல் சரியா தவறா என்று பார்க்கவில்லை. சொன்னவன் யார் என்று பார்த்தேன். கணக்கு ஆசிரியர் ஒருவர் செய்யக் கூடாத ஒன்று உண்டென்றால் அதுதான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் கடற்கரையிலேயே அவனிடம் சொன்னேன்: “அன்னைக்குக் கிளாஸ்ல நீ சொன்ன கூட்டல் சரிப்பா. நான்தான் தப்பு.” அவன் மணலைப் பார்த்துக்கொண்டே, “தெரியும் டீச்சர்” என்றான். “நீங்க அழிச்சுட்டு எழுதினதைப் பார்த்தேன்.”

அந்த ஒரு பதில் எனக்கு வீடு வரை வந்தது.

தனியாக மன்னிப்புக் கேட்டால் போதாது என்று தோன்றியது. சிரித்தது வகுப்பு. மறுநாள் திங்கட்கிழமை அதே அட்டவணையைக் கரும்பலகையில் மறுபடி போட்டு, எங்கே பத்து விட்டேன், அதை யார் கண்டுபிடித்தது, நான் என்ன சொன்னேன் என்று முழுதாகச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் அன்று வரவில்லை. செய்தி அவன் ஊருக்குப் போயிருக்கும். புதன்கிழமை வந்தான்.

அதன் பிறகு என் வகுப்பில் மூன்று பழக்கங்களைக் கொண்டுவந்தேன். செலவு இல்லாதவை, நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒன்று, கரும்பலகையின் வலது ஓரத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம். நான் செய்யும் பிழையை யார் கண்டுபிடித்தாலும் எழுந்து வந்து அங்கே எழுதலாம். பாடம் முடிந்ததும் அதை எல்லோரும் சேர்ந்து சரிபார்ப்போம். பிழை அவர்கள் பக்கமாக இருந்தால் அதையும் சிரிக்காமல் பேசுவோம்.

இரண்டு, விடைத்தாள் கொடுக்கும் நாளில் மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து மொத்தத்தைச் சரிபார்ப்பார்கள். குறைந்தாலும் சொல்லலாம், கூடினாலும் சொல்லலாம். முதல் முறை என் கூட்டல் தவறுகள் ஐந்து வந்தன. அதில் இரண்டு, மதிப்பெண் கூடுதலாகப் போட்டது. இரண்டையும் அந்தந்த மாணவர்களே எடுத்துவந்தார்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்தேன், கணக்கு கணக்குதானே. ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி வகுப்பில் நன்றி சொன்னேன்.

மூன்று, உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து செய்வது. அவருடைய பாடவேளையை நான் பல நாள் கடன் வாங்கியிருக்கிறேன். உங்களில் பலரும் வாங்கியிருப்பீர்கள். இப்போது வாங்குவதில்லை. அங்கே நடக்கும் ஆட்டத்துக்கு மாணவர்கள் ஸ்கோர் எழுதுகிறார்கள். மறுநாள் அந்த நோட்டு என் வகுப்புக்கு வருகிறது. நான் சொன்ன அந்த எட்டு ஓவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 7, 9, 6, 11, 8, 5, 10, 6. சராசரி 7.75. ஏறுவரிசையில் எழுதினால் இடைநிலை அளவு 7.5. முகடு 6. பாடநூலில் வரும் எண்களை விட இந்த எண்கள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதினொன்று எந்த ஓவரில் வந்தது, ஏன் வந்தது என்று கேட்டால் வகுப்பே பதில் சொல்லும்.

இதில் ஒரு கவனம் வேண்டும். பெண் பிள்ளைகள் ஸ்கோர் எழுத, ஆண் பிள்ளைகள் ஆட என்று பிரித்துவிடக் கூடாது. எழுதும் முறையும் ஆடும் முறையும் மாறி மாறி வரவேண்டும். 2013 உலகக் கோப்பையில், இந்தியப் பெண்களில் முதன்முதலாக உலகக் கோப்பையில் நூறு ரன் அடித்த திருஷ் காமினி நம் சென்னைப் பெண். இதைச் சொன்னபோது எங்கள் வகுப்புப் பெண்கள் மறு வாரமே மட்டையைக் கேட்டு வாங்கினார்கள்.

அந்த மாணவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முழுஆண்டுத் தேர்வு எழுதினான். இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கில் இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. இயற்கணிதம் என்றால் முகம் சுளிக்கிறான். மீன் வரத்து அதிகமாக இருக்கும் நாள்களில் தாமதமாக வருகிறான்; வந்தவுடன் முதல் வேலையாகக் கரும்பலகையின் வலது ஓரத்தைப் பார்க்கிறான். இந்த ஆண்டு அந்தக் கட்டத்தில் அதிகம் எழுதியவன் அவன்தான். அதில் பாதிக்கு மேல் சரியாகவும் இருந்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. பொங்கல் விடுமுறையில் அந்த இரண்டு ஊருக்கும் மறுபடி ஆட்டம் நடந்தது. ஊருக்கு ஒரு ஸ்கோரர் வேண்டாம், இரண்டு ஊருக்கும் சேர்த்து இவர்கள் இருவரே போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். இந்த முறை யார் ஜெயித்தது என்று அவனிடம் கேட்டேன்.

“நாங்க தோத்துட்டோம் டீச்சர். பன்னிரண்டு ரன்” என்றான். “மூணு தடவை கூட்டிப் பார்த்தோம்.”